பட்டத்துக்காகச் சம்பளத்தை விட்டுக்கொடுப்பது: அமெரிக்கக் கால்பந்தில் அது உண்மையில் பலன் தருகிறதா?

கேள்வி: மைதானப் பார்வையாளன்

அனைவருக்கும் வணக்கம். என்எஃப்எல் எனப்படும் அமெரிக்கக் கால்பந்துத் தொடரைச் சில ஆண்டுகளாக ஊன்றிப் பார்த்துவருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்தில் ஒப்பந்தச் சந்தை திறந்ததும், பட்டம் வெல்வதற்காக இன்னார் தம் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார் என்ற செய்தி ஒன்றாவது வராமல் இருப்பதில்லை. வந்த மாத்திரத்தில் அவரைத் தியாகி என்று தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். அதே கையோடு, விட்டுக்கொடுக்க மறுத்த வேறொரு வீரரைப் பேராசைக்காரர் என்று ஏசவும் செய்கிறார்கள். இந்த இரண்டு பேச்சிலும் ஏதோ ஒன்று விட்டுப்போகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

எப்போதும் முன்னுதாரணமாக நிறுத்தப்படுபவர் டாம் பிரேடி. நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணியின் குவார்ட்டர்பேக்காக, அதாவது பந்தை வீசித் தாக்குதலை வழிநடத்துபவராக, இருந்த அவர், 2013 பிப்ரவரியில், 2015 முதல் 2017 வரையிலான மூன்று பருவங்களுக்கு மொத்தம் 2.7 கோடி டாலர் போதும் என்று ஒப்பந்தத்தை நீட்டித்தார். ஆண்டுக்கு 90 லட்சம் என்பது அதன் கணக்கு. அதற்கு ஒரு வாரம் கழித்து, அப்போதுதான் சூப்பர் பவுல் எனப்படும் பட்ட இறுதியாட்டத்தை வென்றிருந்த பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் ஜோ ஃபிளாக்கோ ஆறு ஆண்டுகளுக்கு 12.06 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். ஆண்டுச் சராசரி இரண்டு கோடியைத் தாண்டியது. பேட்ரியாட்ஸில் பிரேடி மொத்தம் ஆறு சூப்பர் பவுல்களை வென்றார் என்பதால், குறைவாக வாங்கியதனால்தான் அவர் வென்றார் என்ற முடிவுக்குப் பலர் வந்துவிடுகிறார்கள்.

நான் கேட்க விரும்புவது இதுதான். ஒரு வீரர் விட்டுக்கொடுக்கும் தொகை உண்மையிலேயே அணியைப் பலப்படுத்தும் வேலைக்குப் போகிறதா, அல்லது முதலாளியின் பெட்டியில் போய்ச் சேர்கிறதா? அணிக்குத்தான் போகிறது என்றால், அப்படி விட்டுக்கொடுத்து வென்றவர்கள், விட்டுக்கொடுத்தும் தோற்றவர்கள் யார் யார்? ஒப்பந்தக் கணக்குகளை நன்கு அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: கணக்கு நோட்டு

வணக்கம். உங்கள் முதல் ஐயத்துக்கு விடை சம்பள உச்சவரம்பில் இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ளாமல் தியாகத்தைப் பற்றியோ பேராசையைப் பற்றியோ பேசுவதில் பொருளில்லை.

என்எஃப்எல்லில் 1994ஆம் ஆண்டு உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது. அப்போது ஓர் அணி தன் வீரர்களுக்காகக் கணக்கில் காட்டக்கூடிய தொகை 3.46 கோடி டாலர். 2025இல் அது 27.92 கோடியாக உயர்ந்திருக்கிறது. அபராத வரி கட்டிவிட்டு இதை மீறலாம் என்ற வழி இங்கே கிடையாது. முதலாளி எவ்வளவு பெரிய செல்வந்தராக இருந்தாலும், 53 பேர் கொண்ட அணியை அந்த வரம்புக்குள்தான் அமைத்தாக வேண்டும். ஆகவே ஒருவருக்கு அதிகம் போனால் இன்னொருவருக்குக் குறையும் என்பது வெறும் பேச்சல்ல, விதி.

ஆனால் சம்பளக் குறைப்பு என்று செய்திகளில் வருபவற்றில் பெரும்பாலானவை குறைப்பே அல்ல. ஒரு வீரருக்கு இந்தப் பருவத்துக்கு இரண்டு கோடி டாலர் சம்பளம் என்றும், அவருடைய ஒப்பந்தத்தில் இன்னும் ஐந்து ஆண்டுகள் இருக்கின்றன என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அணி அதில் ஒன்றரைக் கோடியை சைனிங் போனஸாக, அதாவது கையெழுத்துக்கான முன்பணமாக, மாற்றி உடனே அவர் கையில் கொடுத்துவிடுகிறது. அந்த ஒன்றரைக் கோடியை ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்து, ஆண்டுக்கு 30 லட்சமாகக் கணக்கெழுதலாம் என்று விதி அனுமதிக்கிறது. எனவே இந்த ஆண்டின் கணக்கில் மீதச் சம்பளம் 50 லட்சமும் பிரித்த பங்கு 30 லட்சமும் சேர்ந்து 80 லட்சம் மட்டுமே ஏறும், 1.2 கோடி டாலருக்கு இடம் கிடைத்துவிடும். வீரரோ ஒரு டாலரைக்கூட இழக்கவில்லை. மாறாக, வாரந்தோறும் வரவேண்டிய பணம் முன்கூட்டியே மொத்தமாக வந்துவிட்டது. பருவத்தின் நடுவில் அணி அவரைக் கைவிட்டாலும் அது அவருடையதே. இதை எப்படித் தியாகம் என்பது? கடனை அடுத்த ஆண்டுகளின் தலையில் ஏற்றிவைத்திருக்கிறது அணி, அவ்வளவுதான்.

இதிலிருந்து வேறானவை இரண்டு. ஏற்கெனவே கையெழுத்தான தொகையையே குறைத்துக்கொள்வது ஒன்று. சந்தையில் கிடைக்கக்கூடியதைவிடக் குறைவான தொகைக்குப் புதிதாகக் கையெழுத்திடுவது மற்றொன்று. இவை இரண்டும்தான் உண்மையான விட்டுக்கொடுத்தல். பிரேடியின் 2013 ஒப்பந்தத்தில் மேற்சொன்ன மாற்றியமைப்பும் இந்த விட்டுக்கொடுத்தலும் கலந்தே இருந்தன. மேலும், 2016 மார்ச்சில், அதாவது அந்த மலிவான மூன்று ஆண்டுகளில் ஓராண்டு மட்டுமே கழிந்திருந்தபோது, 2.8 கோடி டாலர் சைனிங் போனஸுடன் ஒப்பந்தம் மறுபடியும் நீட்டிக்கப்பட்டது. அவர் விட்டுக்கொடுத்தது உண்மை. ஆனால் ஆண்டுக்கு 90 லட்சம் என்று பலரும் மனத்தில் வைத்திருக்கும் அளவுக்கு அல்ல.

அந்த இடத்தை நிர்வாகம் எப்படிப் பயன்படுத்தியது என்பதையும் பாருங்கள். பிரேடி கையெழுத்திட்ட சில வாரங்களில், அவர் வீசும் பந்தைப் பிடிக்கும் ரிசீவரும் அவருக்கு மிக நெருக்கமானவருமான வெஸ் வெல்கர் இரண்டாண்டுகளுக்கு 1.2 கோடி டாலர் என்ற, அப்படியொன்றும் பெரிதல்லாத தொகைக்கு டென்வர் பிரான்கோஸ் அணிக்குப் போய்விட்டார். பேட்ரியாட்ஸ் அவரைத் தக்கவைக்காமல் டேனி அமெண்டோலாவை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் அழைத்துவந்தது. அந்தப் பருவத்தின் இறுதியில், 2014 ஜனவரியில், சூப்பர் பவுலுக்குச் செல்லும் ஆட்டத்தில் பேட்ரியாட்ஸை 26-16 என்று வீழ்த்தியது அதே டென்வர்தான். வெல்கர் எதிர்ப்பக்கத்தில் நின்று ஆடினார். பிரேடி தம் பங்குக்கு இடத்தை உண்டாக்கிக் கொடுத்தார். அந்த இடத்தில் யார் உட்கார வேண்டும் என்பதை முடிவுசெய்யும் உரிமை அவருக்கு இல்லை. என் பார்வையில் இந்த விவாதத்தின் மையம் இதுவே.

முதலாளியின் பெட்டிக்குப் போகிறதா என்று கேட்டீர்கள். முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. 2020இல் அணி முதலாளிகளுக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையே ஏற்பட்ட கூட்டு ஒப்பந்தப்படி, 2021 முதல் தொடரின் மொத்த வருவாயில் குறைந்தது 48 விழுக்காடு வீரர்களுக்குச் சேர வேண்டும். தனித்தனி அணிகளும் மூன்றாண்டு காலப் பகுதிக்கு, உச்சவரம்பின் கூட்டுத்தொகையில் 90 விழுக்காட்டையாவது ரொக்கமாகச் செலவிட்டிருக்க வேண்டும். ஓராண்டில் பயன்படுத்தாத இடத்தை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லவும் முடியும். ஆகவே ஒரு நட்சத்திர வீரர் விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் இன்றோ நாளையோ வேறொரு வீரரின் கைக்குத்தான் போகிறது. அந்த வேறொரு வீரர் பட்டத்தை வென்றுதரக்கூடியவரா என்பதுதான் யாராலும் உறுதி கூற முடியாதது.

பதில் 2: எதிரணி

மேலே சொன்ன கணக்கை ஏற்கிறேன். ஆனால் நம்மில் பலர் வீரர்களிடம் எதிர்பார்க்கும் பெருந்தன்மையை அணிகளிடம் ஒருபோதும் எதிர்பார்ப்பதில்லை என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

என்எஃப்எல் வீரரின் சராசரி ஆட்டக் காலம் மூன்றரை ஆண்டுகளைக்கூட எட்டுவதில்லை என்று வீரர் சங்கம் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. ஒப்பந்தத்தில் எழுதப்பட்டுள்ள மொத்தத் தொகையில் உறுதியளிக்கப்பட்ட பகுதி மட்டுமே வீரருக்குச் சொந்தம். மீதிக்கு, ஆட்டம் சற்றுத் தளர்ந்தாலோ முழங்கால் முறிந்தாலோ அணி எப்போது வேண்டுமானாலும் கையை விரித்துவிடலாம். முப்பது வயதைக் கடந்த வீரரிடம் "இதைக் குறைத்துக்கொள், இல்லையேல் விடுவித்துவிடுவோம்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவது ஆண்டுதோறும் நடக்கிறது. வெளியே வரும்போது அது பட்டத்துக்கான தியாகமாக உருமாறிவிடுகிறது. எதிர்பார்த்ததைவிடச் சிறப்பாக ஆடிய வீரருக்கு, ஒப்பந்தம் முடியும் முன்பே தானாக முன்வந்து சம்பளத்தை உயர்த்தும் அணிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

விட்டுக்கொடுத்தவருக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு ஆரன் ராட்ஜர்ஸைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. 2023இல் நியூயார்க் ஜெட்ஸ் அணிக்குக் குவார்ட்டர்பேக்காக வந்த அவர், அந்த ஜூலையில் தம் ஒப்பந்தத்தை இரண்டாண்டுகளுக்கு 7.5 கோடி டாலர் என்று மாற்றி எழுதிக்கொண்டார். பழைய ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 3.5 கோடி டாலரை விட்டுவிட்டார். இது கடனைத் தள்ளிவைக்கும் மாற்றியமைப்பு அல்ல. கையில் வந்திருக்க வேண்டிய பணம். கிடைத்த இடத்தில், ஓடி ஆடும் டால்வின் குக் உள்ளிட்டோரை ஜெட்ஸ் சேர்த்துக்கொண்டது. செப்டம்பர் 11 அன்று பஃபலோ பில்ஸ் அணியுடன் நடந்த முதல் ஆட்டத்தில், நான்காவது ஆட்டநகர்விலேயே ராட்ஜர்ஸின் குதிகால் தசைநார் அறுந்தது. அந்தப் பருவம் அவருக்கு அதோடு முடிந்தது. அணி 7 வெற்றி, 10 தோல்வி. அடுத்த பருவம் முழுவதும் அவர் ஆடியும் 5 வெற்றி, 12 தோல்வி. பருவம் முடியும் முன்பே குக் விடுவிக்கப்பட்டார். 2025 மார்ச்சில் ராட்ஜர்ஸும் விடுவிக்கப்பட்டார். அந்த மூன்றரைக் கோடிக்கு ஈடாக, பிளே-ஆஃப் எனப்படும் பட்டத்துக்கான வெளியேற்றுச் சுற்றில் ஓர் ஆட்டம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை.

இதில் இன்னொரு தரப்பும் உண்டு. ஒரு நிலையில் ஆடும் சிறந்த வீரரின் சராசரிச் சம்பளத்தை அளவுகோலாக வைத்துத்தான் அதே நிலையில் ஆடும் மற்றவர்களின் முகவர்கள் பேரம் பேசுகிறார்கள். உச்சியில் இருப்பவர் தம் விலையைத் தாழ்த்திக்கொண்டால், அவரைவிட ஒரு படி கீழே இருப்பவர் "அவரே இவ்வளவுதானே வாங்குகிறார்" என்ற பதிலைக் கேட்க நேரிடும். முதலாமவருக்கு விளம்பர வருமானம் இருக்கலாம், முன்பே சேர்த்த செல்வம் இருக்கலாம்; இரண்டாமவருக்கு இது வாழ்நாளில் ஒரே ஒரு பெரிய ஒப்பந்தமாக இருக்கக்கூடும்.

பட்டம் வென்றால் பணம் வந்துவிடாதா என்று சிலர் கேட்பதுண்டு. 2024 பருவத்தின் சூப்பர் பவுலில் வென்ற ஃபிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் ஒவ்வொரு வீரருக்கும் அந்த ஆட்டத்துக்காகக் கிடைத்த தொகை 1,71,000 டாலர். நட்சத்திரத்துக்கும் கடைசி இருக்கையில் அமர்ந்திருப்பவருக்கும் அதே தொகைதான். லட்சங்களில் சம்பளம் வாங்கும் இளம் வீரருக்கு அது பெரிய பணம். கோடிகளை விட்டுக்கொடுத்தவருக்கு அது எந்த வகையிலும் ஈடாகாது.

பதில் 3: பழைய ஆட்டங்கள்

எதிரணி அவர்களின் சினத்தில் நியாயம் இருக்கிறது. ஆயினும் எல்லா விட்டுக்கொடுத்தலும் ராட்ஜர்ஸின் கதையாகவே முடிந்துவிடவில்லை. வரலாற்றைப் பார்த்தால், இதில் நன்றாகப் பலன் கண்டவர்கள் பெரும்பாலும் ஒரே ஓர் ஆண்டுக்கு மட்டும் விட்டுக்கொடுத்தவர்கள் என்பதைக் காணலாம்.

உச்சவரம்பு வந்த முதல் ஆண்டிலேயே இதற்கு வழிகாட்டியவர் டீயான் சாண்டர்ஸ். எதிரணி ரிசீவர்களைத் தடுக்கும் கார்னர்பேக்குகளில் அன்று முதல்வராக இருந்த அவர், 1994 செப்டம்பரில், பன்மடங்கு பெரிய அழைப்புகளை ஒதுக்கிவிட்டு, ஏறத்தாழ 11 லட்சம் டாலருக்கு ஒரே ஆண்டு ஒப்பந்தத்தில் சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணியில் சேர்ந்தார். நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸில் பதின்மூன்று பருவங்கள் ஆடியும் பட்டமே காணாத ரிக்கி ஜாக்சனும் அதே ஆண்டு அதே அணிக்கு வந்தார். அந்தப் பருவத்தின் சிறந்த தற்காப்பு வீரர் விருது சாண்டர்ஸுக்குக் கிடைத்தது. சூப்பர் பவுலில் சான் டியாகோ சார்ஜர்ஸை அவர்கள் 49-26 என்று வென்றார்கள். ஜாக்சனின் நெடுநாள் காத்திருப்பும் அன்று தீர்ந்தது. அடுத்த ஆண்டு சாண்டர்ஸ் என்ன செய்தார்? டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியுடன் ஏழு ஆண்டுகளுக்கு 3.5 கோடி டாலர் ஒப்பந்தம் செய்துகொண்டார். சைனிங் போனஸ் மட்டும் ஏறத்தாழ 1.3 கோடி. அந்தப் பருவமும் சூப்பர் பவுல் வென்றார். முதல் ஆண்டில் விட்டுக்கொடுத்ததை அவர் இழப்பு என்று கருதியிருக்க வாய்ப்பே இல்லை. பட்டம் வென்ற பிறகு அவருடைய விலை ஏறியிருந்தது.

இருபது ஆண்டுகள் கழித்து இன்னொரு கார்னர்பேக்கான டேரல் ரெவிஸ் அதே வழியில் போனார். டாம்பா பே அணியில் ஆண்டுக்கு 1.6 கோடி வாங்கிக்கொண்டிருந்த அவர், அங்கிருந்து விடுவிக்கப்பட்டதும் 2014இல் 1.2 கோடிக்கு பேட்ரியாட்ஸில் சேர்ந்து, சியாட்டில் சீஹாக்ஸை 28-24 என்று வென்ற அணியில் இடம்பெற்றார். அடுத்த மாதமே ஜெட்ஸ் அவருக்கு ஐந்தாண்டுகளுக்கு 7 கோடி டாலர் கொடுத்தது, அதில் 3.9 கோடி உறுதித்தொகை.

ரிசீவர் ராண்டி மாஸின் நிலை வேறு. ஓக்லண்ட் ரெய்டர்ஸில் 2007ஆம் ஆண்டுக்கு அவருக்கு 90 லட்சத்துக்கும் மேல் வரவேண்டியிருந்தது. அதை விட்டுவிட்டு, ஓராண்டுக்கு 30 லட்சம் என்று ஒப்பந்தத்தை மாற்றிக்கொண்டு, டிராஃப்ட் எனப்படும் புதுமுக வீரர் தேர்வில் நான்காம் சுற்று உரிமை ஒன்றுக்கு ஈடாக பேட்ரியாட்ஸுக்கு மாறினார். ஒரே பருவத்தில் 23 டச் டவுன் (எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் பந்தைச் சேர்ப்பது) பிடித்து அவர் படைத்த சாதனை இன்னும் முறியடிக்கப்படவில்லை. அணியும் வழக்கமான பருவத்தின் பதினாறு ஆட்டங்களையும் வென்றது. ஆனால் சூப்பர் பவுலில் நியூயார்க் ஜெயன்ட்ஸிடம் 17-14 என்று தோற்றது. மாஸுக்குப் பணம் திரும்பி வந்தது. மறு மாதமே மூன்றாண்டுகளுக்கு 2.7 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். பட்டம் மட்டும் கடைசிவரை வரவில்லை. 2013 தொடக்கத்தில் ஃபார்ட்டி நைனர்ஸ் அணியோடு இன்னொரு சூப்பர் பவுலுக்குப் போய், அங்கேயும் 34-31 என்ற மூன்று புள்ளி வித்தியாசத்தில் தோற்று ஓய்வுபெற்றார். இவ்வளவு பெரிய வீரருக்கு அது கிட்டாமல் போனது இன்றும் எனக்கு வருத்தமே.

இவர்கள் எல்லாரையும்விட நுட்பமாக நடந்துகொண்டவர் குவார்ட்டர்பேக் பேய்ட்டன் மேனிங் என்பேன். 2015இல் டென்வர் அணி அவரிடம் 1.9 கோடியிலிருந்து 1.5 கோடிக்கு இறங்கிவரச் சொன்னது. அவர் ஒப்புக்கொண்டார், ஆனால் தொடரின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் கான்பரன்ஸின் பட்டம் வென்றால் 20 லட்சம், சூப்பர் பவுல் வென்றால் மேலும் 20 லட்சம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டார். 39 வயதில் அந்தப் பருவம் அவருக்கு மிக மோசமானதாக அமைந்தது. 9 டச் டவுன் வீச்சுகளுக்கு எதிராக 17 முறை பந்து எதிரணி கையில் போனது. அணியைச் சுமந்தது தற்காப்பு வரிசைதான். முன்பு டல்லாஸ் அணி விடுவித்திருந்த டிமார்கஸ் வேரும், வான் மில்லரும் அதன் இரு தூண்கள். கான்பரன்ஸ் இறுதியில் பேட்ரியாட்ஸை 20-18 என்றும், சூப்பர் பவுலில் கரோலினா பேந்தர்ஸை 24-10 என்றும் டென்வர் வென்றது. விட்டுக்கொடுத்த 40 லட்சமும் அப்படியே அவரிடம் திரும்பி வந்தது. அணிக்கும் இதில் நட்டமில்லை: முந்தைய ஆண்டு நிறைவேறாத இலக்குக்கான ஊக்கத்தொகை நடப்பு ஆண்டின் உச்சவரம்பில் ஏறாது, வென்றால் அடுத்த ஆண்டுக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பட்டத்துக்காகக் குறைத்துக்கொள்ளும் எவரும், வென்றால் திரும்ப வேண்டும் என்று இப்படி எழுதி வாங்குவதே முறை என்று கருதுகிறேன். இதில் தன்மானக் குறைவு எதுவும் இல்லை.

பதில் 4: இடது கார்னர்

சுருக்கமாக ஒன்று சேர்க்கிறேன். குறைந்த சம்பளம் என்று தோன்றுவதெல்லாம் குறைந்த வருமானம் அல்ல. 2024இல் குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியில் 12.1 லட்சம் டாலருக்குச் சேர்ந்தார். ஏழு பருவங்களோ அதற்கு மேலோ ஆடியவருக்கு விதிப்படி கொடுக்கவேண்டிய குறைந்தபட்சத் தொகை அது. அவரை விடுவித்த டென்வர் அணி அந்த ஆண்டுக்கு 3.9 கோடி தர ஏற்கெனவே கடமைப்பட்டிருந்தது. புதிய அணி எவ்வளவு கொடுக்கிறதோ அவ்வளவு அதில் கழியும். ஸ்டீலர்ஸ் கூடுதலாகக் கொடுத்திருந்தால் டென்வருக்குத்தான் மிச்சமாகியிருக்கும். வில்சனின் கையில் வந்த தொகை எப்படியும் 3.9 கோடிதான்.

குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வரும் மூத்த வீரர்களுக்கு இன்னொரு சலுகையும் உண்டு. ஓராண்டு ஒப்பந்தம் என்றால், அதே 12.1 லட்சத்தில் 9.85 லட்சம் மட்டுமே 2024 உச்சவரம்பில் ஏறும். இரண்டாண்டு அனுபவமுள்ள வீரருக்கான தொகை அது. மூத்தவர் என்பதற்காகவே ஒருவரை ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு. பட்டத்தைத் தேடிக் கடைசி ஓராண்டு ஆட வருபவர்களுக்கு அதுவே கதவைத் திறந்துவைக்கிறது.

மைதானப் பார்வையாளன்

அனைவருக்கும் நன்றி. மேனிங்கின் ஒப்பந்த விவரம் எனக்கு முற்றிலும் புதிது. இதைத் தொடர்ந்து இன்னொன்று கேட்கத் தோன்றுகிறது. குவார்ட்டர்பேக் பெருந்தொகை வாங்கினால் பட்டம் வெல்ல முடியாது என்று நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறதே, கான்சாஸ் சிட்டி அணியின் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸின் வெற்றிகளுக்குப் பிறகும் அது நிற்குமா? அடுத்து, பிரேடி டாம்பா பே அணிக்குப் போன பிறகு அங்கே நடந்தது விட்டுக்கொடுத்தலா, அல்லது நீங்கள் சொன்ன கடன் தள்ளிவைப்பா?

பதில் 5: கணக்கு நோட்டு

அந்த நம்பிக்கைக்கு ஓர் அடிப்படை இருந்தது. உச்சவரம்பு வந்த நாளிலிருந்து, அதில் அதிகப் பங்கை எடுத்துக்கொண்டு சூப்பர் பவுல் வென்ற குவார்ட்டர்பேக் 1994இன் ஸ்டீவ் யங். அவருடைய பங்கு 13.1 விழுக்காடு. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அதை யாரும் தாண்டவில்லை. மறுபுறம், 2013 பருவத்தில் சியாட்டில் அணி டென்வரை 43-8 என்று நொறுக்கியபோது அதன் குவார்ட்டர்பேக்காக இருந்தவர் அதே ரஸ்ஸல் வில்சன். மூன்றாம் சுற்றில் தேர்வானவர் என்பதால் அவருக்கு அந்த ஆண்டு அடிப்படைச் சம்பளம் ஏறத்தாழ 5.26 லட்சம் டாலர்தான். அவர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. புதுமுகங்களின் சம்பளத்தை 2011 கூட்டு ஒப்பந்தம் கட்டிப்போட்டிருந்தது. மிச்சமான இடத்தில் சியாட்டில் நிர்வாகம் வலிமையான தற்காப்பை அமைத்துக்கொண்டது. பட்டத்தை வென்றுதந்த மலிவான குவார்ட்டர்பேக்குகளில் பலரும் இப்படி விதியால் மலிவானவர்கள். விருப்பத்தால் மலிவானவர்கள் மிகச் சிலரே.

மஹோம்ஸ் 2022 பருவத்தில் 17.2 விழுக்காட்டோடு வென்று யங்கின் எல்லையை உடைத்தார். ஆனால் அதற்குக் கான்சாஸ் சிட்டி கொடுத்த விலையையும் பார்க்க வேண்டும். அந்த மார்ச்சில்தான் அவர்கள் டைரீக் ஹில்லை மியாமி டால்ஃபின்ஸுக்கு அனுப்பினார்கள். மியாமி அவருக்கு நான்காண்டுகளுக்கு 12 கோடி டாலர் கொடுத்தது. ஈடாகக் கிடைத்த ஐந்து டிராஃப்ட் தேர்வுகளில் இரண்டைப் பயன்படுத்தித்தான் கார்னர்பேக் டிரென்ட் மெக்டஃபியைத் தேர்ந்தெடுத்தார்கள். மேலோட்டமாகப் பார்த்தால், சிறந்த ரிசீவரை விற்ற அணி தளர்ந்திருக்க வேண்டும். அவர்களோ அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் பட்டம் வென்றார்கள். மஹோம்ஸின் பங்களிப்பு வேறு விதமானது: 2020இல் பத்தாண்டு நீட்டிப்புக்கு 45 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டு, அணி பல ஆண்டுகள் முன்னோக்கித் திட்டமிட வழிசெய்தார். 2024இல் டல்லாஸின் டாக் பிரெஸ்காட் ஆண்டுக்கு 6 கோடி என்று உயர்ந்துவிட்டார், மஹோம்ஸின் 4.5 கோடிச் சராசரி மற்றவர்களுக்குப் பின்னால் போய்விட்டது. 2023 செப்டம்பரில் அணி அவருக்கு வரும் தொகைகளை முன்னுக்குக் கொண்டுவந்து ஓரளவு சரிசெய்தது. எதிரணி அவர்கள் கேட்ட, அணி தானாக முன்வந்து திருத்திக்கொடுக்கும் செயலுக்கு இது ஓர் அரிய எடுத்துக்காட்டு.

டாம்பா பே பற்றி: அது கடன் தள்ளிவைப்பே. 2020இல் பிரேடி இரண்டாண்டுகளுக்கு 5 கோடி டாலருக்கு வந்தார், முதல் பருவத்திலேயே வென்றார். 2021 மார்ச்சில் அவர் ஒப்பந்தத்தை நீட்டித்தபோது, அவர் ஆடப்போவதே இல்லாத ஆண்டுகளும் பெயரளவில் அதில் சேர்க்கப்பட்டு, அந்த ஆண்டின் கணக்கில் ஏறத்தாழ 1.9 கோடி டாலருக்கு இடம் உண்டாக்கப்பட்டது. பட்டம் வென்ற அணியின் தொடக்க வீரர்கள் 22 பேரும் அப்படியே திரும்பி வந்தார்கள். இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது என்று எல்லாரும் சொன்னார்கள். பிளே-ஆஃபில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் 30-27 என்று அவர்களை வெளியேற்றியது. தள்ளிவைத்த கணக்கு 2023இல் வந்து நின்றது. பிரேடி ஓய்வுபெற்றுவிட்ட அந்த ஆண்டில், அவர் பெயரில் 3.5 கோடி டாலர், உச்சவரம்பில் ஏழில் ஒரு பங்குக்கும் மேல், ஆடாத ஒருவருக்காக எழுதப்பட்டது.

அந்த நெருக்கடியில் அவர் இடத்துக்கு வந்தவரைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் அவரையும் சொல்லிவிடுகிறேன். பேக்கர் மேஃபீல்டு முந்தைய ஆண்டில் இரண்டு அணிகளில் ஆடிப் பெயர் மங்கியிருந்தார். 2023இல் 40 லட்சம் அடிப்படையில், ஊக்கத்தொகையெல்லாம் சேர்ந்தால் அதிகபட்சம் 85 லட்சம் என்று ஓராண்டுக்குக் கையெழுத்திட்டார். பட்டம் அவர் கணக்கில் இருந்திருக்காது. தொடக்க ஆட்டக்காரர் என்ற இடத்துக்குப் போட்டியிட ஒரு வாய்ப்பு வேண்டியிருந்தது. அந்தப் பருவத்தில் 28 டச் டவுன்களும் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட யார்டுகளும் வீசி, பிளே-ஆஃபில் ஈகிள்ஸை 32-9 என்று வீழ்த்தினார்; மார்ச்சில் அதே அணி அவருக்கு மூன்றாண்டுகளுக்கு 10 கோடி டாலர் எழுதிக்கொடுத்தது.